கண்ணாடியில் இல்லாத ஈரம்

அன்புச் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகந்தானா என்று இரண்டாம் வரியில் கேட்பதுதான் முறை. உங்கள் சுகத்தை இப்போதே கேட்டுவிடுகிறேன். என் சுகத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், முதலில் நல்லதெல்லாம் சொல்லி முடிக்க விடு. அண்ணன் மகள், நம் மீன்குஞ்சு, பள்ளிகளுக்கு நடுவே நடந்த நீச்சல் போட்டியில் மல்லாந்து நீந்துவதில் முதலாவதாக வந்துவிட்டாள், பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கினாள். அந்தப் போட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, அது பிறகு வரும். அவள் தம்பி வாலு தீக்குச்சிகளை ஒட்டிப் பாலம் கட்டி, அதன்மேல் தடித்த அகராதியைத் தூக்கி வைத்தும் பாலம் அசையவில்லை, இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பையனின் பாலத்தை அவன் அப்பா கட்டினார் என்பது பள்ளிக்கே தெரியும், ஆகவே நம்மவனுக்குத்தான் முதல் பரிசு என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அண்ணி தபால் நிலையத்தில் தலைமை எழுத்தராகிவிட்டாள், தனி மேசை, தனி முத்திரை. உன் மகள் போன வாரம் ஃபோனில் மூன்று மொழியில் என்னை நலம் விசாரித்தாள், இரண்டு எனக்குப் புரியவில்லை, ஆனாலும் உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. இவர்கள் எல்லோருக்கும் மேலே நீ. உன்னைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல, இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் யார் இருக்கிறார்கள்.

அங்கேதான் வினை வந்தது, அம்மாடி. முன்னறை எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். ஜன்னலை ஒட்டி என் தையல் மிஷின், பக்கத்தில் தைத்து முடித்ததை மாட்டும் கம்பி, நடுவில் முக்காலி. கால்சட்டையின் நீளம் குறைக்க வருபவர்கள் அந்த முக்காலியில் ஏறி நிற்க வேண்டும், நான் கீழே உட்கார்ந்து விளிம்பை மடித்துக் குண்டூசி குத்தி முடிக்கும்வரை அசையக் கூடாது. அவர்கள் கண்ணுக்கு நேர் எதிரே சுவரில் உன் படத்தை மாட்டியது நான்தான், வேண்டுமென்றே மாட்டினேன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உங்கள் ஆராய்ச்சிக் கூடத்து வாசலில் உன் பெரிய அதிகாரியோடு நீ நிற்கும் படம். முக்காலியில் நிற்பவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள், பார்த்தால் கேட்கத்தானே வேண்டும், கேட்டால் என் மகள் கண் டாக்டர் என்பேன். நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய், “அம்மா, நான் டாக்டர் இல்ல, ஒருத்தர் கண்ணையும் நான் தொடுறதில்ல, நான் பண்றது ஆராய்ச்சி” என்று. ஆராய்ச்சி என்றால் முக்காலியில் நிற்பவர்களுக்கு விளங்காது என்று நானே உன்னை டாக்டராக்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கியதுபோல் பேசினேன் என்று இப்போது எழுதும்போது பேனா கூசுகிறது.

அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுத் தந்தவர் தெருமுனை ஃபிரேம் கடைக்காரர். நீ போன பிறகு கடை வைத்தவர், உனக்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் மூலை நேராக இருக்கிறதா என்று கையிலிருக்கும் மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்ப்பதால் தெருவில் அவருக்கு மூலைமட்டம் என்றே பேர். ஒருமுறை என் வாசற்கதவுக்கே வைத்துப் பார்த்துவிட்டு, “கதவு கொஞ்சம் சாஞ்சிருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார், அன்றையிலிருந்தே எனக்கு அவர்மேல் ஒரு கடுப்பு. ஆனால் வேலை சுத்தம். கம்பளித் துண்டு விரித்த பலகையில் கண்ணாடியை வைத்து ஒரே கோடு இழுப்பார், மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு, பிஸ்கட் மாதிரி உடையும், பிசிறு இருக்காது.

கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்து மிஷின்மேல் போர்த்திய துணியை எடுக்கும்போது பார்க்கிறேன், உன் படத்தில் புகை படிந்தாற்போல இருக்கிறது. துடைத்தால் போகவில்லை. வேலையைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிமிர்ந்தால் பளிச்சென்று இருக்கிறாய். மறுநாள் காலையில் மறுபடி மூட்டம். நானே யோசித்தேன், இராத்திரிக் குளிரில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஈரம் புகுந்துவிடுகிறது, பகல் சூட்டில் காய்ந்துவிடுகிறது, பின்பக்கத்தைச் சரியாக ஒட்டாமல் மூலைமட்டம் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் புத்தி எப்படி வேலை செய்கிறது பார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதே சமயத்தில் காலையில் ஊசி கோக்க வரவில்லை, அதற்கு நூல் கம்பெனிக்காரன் பிசிறு நூல் விற்கிறான் என்றேன். தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிந்தது, அதற்கு மலிவு விளக்காக வாங்கி மாட்டிவிட்டார்கள் என்று அண்ணனிடம் புலம்பினேன். விளக்கு குற்றம், நூல் குற்றம், சட்டம் குற்றம். வீட்டில் யாரையும் கேட்கவில்லையா என்பாய். அண்ணியைக் கேட்டேன், காலையில் அவளுக்கு இருக்கும் அவசரத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆமா அத்தை, ஆமா ஆமா” என்று ஓடிவிட்டாள். வாலுவைக் கேட்டேன், “நல்லாத்தானே இருக்கு பாட்டி” என்றான், போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாருடா என்று விரட்டிவிட்டேன்.

மூலைமட்டம் முதலில் பிற்பகலில் வந்தார். “ஈரம் எங்கம்மா இருக்கு?” என்றார், எனக்கும் அந்நேரம் தெரியவில்லை. இருந்தாலும் என் வாய்க்குப் பயந்து பின்பக்கத்துக் காகிதத்தைப் பிரித்துப் புதிதாக ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அதே மூட்டம். இரண்டாம் முறை கண்ணாடியையே மாற்றித் தந்தார். அப்புறமும் மூட்டம். காலையில் வந்து பாருங்கள் என்று பிடிவாதமாய்க் கூட்டி வந்தேன். இரண்டு பேரும் ஒரே படத்துக்கு முன்னால் நிற்கிறோம், நான் மூட்டம் என்கிறேன், அவர் தெளிவு என்கிறார். அப்போது எனக்கு வாய் எங்கே போயிற்றோ, வந்தபடியெல்லாம் பேசினேன். அவரும் மனிதர்தானே, “படத்துல ஒண்ணுமில்லம்மா, தொடைக்கணும்னா உங்க கண்ணைத்தான் தொடைக்கணும்” என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதுதான், அவருக்கும் அதில் உள்ளது தெரியாது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. படத்தைக் கழற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே தெருவில் இறங்கி, பஸ்ஸுக்கு நிற்கும் சனம் முழுக்கக் கேட்கும்படி, “என் மக உலகத்துக்கே கண்ணு பாக்குறா, என் கண்ணையா குத்தம் சொல்றீங்க? மூலைமட்டம் வச்சு மத்தவங்க கதவை அளக்குறவர் உங்க யோக்கியதையை அளந்து பாருங்க” என்றேன். அவர் கடைக்குள் போய் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

இதோடு நின்றிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இதற்குமேல் எழுதுவதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். மறுநாள் காலையில் மீன்குஞ்சு நீந்திவிட்டு வந்து தலை காயவைக்கிற சூட்டுக்காற்று மிஷினை எடுத்தேன், படத்தை மடியில் வைத்து உள்ளே இருக்கிற ஈரத்தை நானே ஓட்டிவிடுகிறேன் என்று கண்ணாடிமேலும் பின்பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டினேன். மூட்டம் போகும்வரை காட்டலாம் என்று காட்டிக்கொண்டே இருந்தேன், அது எப்படிப் போகும். கடைசியில் படம் சூட்டில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாம் என்று இழுத்தேன். உன் முகம் பாதி கண்ணாடியோடு போய்விட்டது, சின்னவளே. உன் அதிகாரி அப்படியே இருக்கிறார், நீதான் இல்லை. உட்கார்ந்து அழுதேன். அழுதவள் அத்தோடு படத்தை உள்ளே வைத்திருக்கக் கூடாதா. அன்று சாயங்காலம் பள்ளித் தலைமையாசிரியை தம் கோட்டுக்கு உள்துணி மாற்ற வந்தார், சுவரில் படம் எங்கே என்று கேட்டார். வகுப்புப் படங்களுக்கெல்லாம் சட்டம் போடுகிற வேலையை மூலைமட்டத்திடம் கொடுக்கப் போவதாகவும், ஆள் எப்படி என்றும் அவரே கேட்டார். நான் கிழிந்த படத்தை எடுத்து நீட்டி, “பாருங்க, அவர் வேலையோட லட்சணம், ஈரம் ஊறி ஒட்டிப்போச்சு” என்றேன். சூடு காட்டியதை விட்டுவிட்டுச் சொன்னேன். தெரியாமல் சொன்னது பாதி, தெரிந்தே சொன்னது பாதி. உன் முகம் ஒட்டிய கண்ணாடியைச் சட்டத்தோடு கொண்டுபோய் மூலைமட்டத்தின் வாசலில் போட்டுவிட்டு வந்தேன். பள்ளி வேலை வேறு கடைக்குப் போய்விட்டது. சட்டம் போடக் கொடுத்திருந்த சிலபேர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். மூலைமட்டத்தின் கடை பகலிலேயே பாதிக் கதவு சாத்தியிருந்தது, நான் அந்தப் பக்கமாய்ப் போகும்போதெல்லாம் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

பிறகு நீச்சல் போட்டி வந்தது. காலை வேளை. அண்ணனும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். குளத்து நீரிலிருந்து விளக்கொளி தெறித்து என் கண்ணில் ஒரே வெள்ளையாய்ப் பரவியது. நீலத் தொப்பிக்காரிதான் நம் பெண் என்று எழுந்து நின்று, கையை ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், பெருமையாய்த்தான் பார்க்கிறார்கள் என்று இன்னும் கத்தினேன். அண்ணன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, “அம்மா, நீ யாருக்குக் கத்துற? நம்ம பொண்ணு அந்தக் கடைசி வரிசைல, செவப்புத் தொப்பி” என்றான். நான் கத்திய நீலத் தொப்பி கடைசியாய் வந்தது, அந்தக் குழந்தை வெளியே வந்ததும் யாரோ பாட்டி தன்னை உற்சாகப்படுத்தினாளே என்று என்னைப் பார்த்துக் கையசைத்தது. அண்ணன் அன்று வேலைக்குப் போகவில்லை. கண்ணாஸ்பத்திரிக்குத்தான் நேரே போனோம்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண், உன்னைவிட இளையவள். காலையில் மங்கலா இருந்து மதியத்துக்கு மேல தெளிவாகுதா என்று முதல் கேள்வியாகவே கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, நான் படத்துக்குச் சொன்ன குற்றத்தை இவள் கண்ணுக்கு எப்படிக் கேட்கிறாள் என்று. குடும்பத்தில் யாருக்காவது கண் கோளாறு உண்டா என்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் என் புத்தி போகவில்லை பார், கோளாறெல்லாம் கிடையாது, என் மகளே கண்ணுக்கு ஆராய்ச்சி பண்ணுகிறவள் என்றேன். “அப்படியா பாட்டி, கண்ணுல எதுல?” என்றாள். கண்ணில்தான் என்றேன். “கண்ணுலதான் பாட்டி, கண்ணுல எந்த இடம்?” என்றாள். நான் வாயைத் திறந்தேன், சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் ஊர் முழுக்க உன்னைச் சுமந்துகொண்டு திரிந்தவளுக்கு நீ தினம் என்ன செய்கிறாய் என்று ஒரு வார்த்தை தெரியவில்லை. அண்ணன்தான் சொன்னான், கார்னியாவில் தண்ணீரும் உப்பும் எப்படிப் போய் வருகிறது என்று பார்க்கிறாள் என்று. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உங்கள் அம்மாவுக்குக் கெட்டிருப்பதும் அதுதான் என்றாள். மூலைமட்டத்திடம் கத்தியபோது வராத வெட்கம், நீலத் தொப்பிக்காரி கையசைத்தபோது வராத வெட்கம், எல்லாம் சேர்ந்து அங்கே வந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை, அவளோ கண்ணைப் பார்க்கத் தலையை நிமிர்த்துங்கள் என்கிறாள்.

அவள் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து, இனிமேல் திருத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டேன். கருவிழிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி மாதிரி இருப்பது கார்னியா. அதற்கு மேல்துணி உண்டு, நடுவில் கெட்டியான சதை உண்டு, அடியில் உள்துணி மாதிரி ஒரே ஒரு வரிசை செல் உண்டு. கண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் அந்த உள்துணி வழியாய் நடுச்சதைக்குள் கசிந்துகொண்டே இருக்குமாம். கண்ணாடியாய் இருக்க வேண்டிய இடத்தில் இரத்தக் குழாய் ஓட முடியாதே, அதனால் அந்தத் தண்ணீரோடுதான் அதற்குச் சாப்பாடு போகிறது. ஆனால் அந்தச் சதைக்குத் தண்ணீரைக் கண்டால் பஞ்சு மாதிரி ஆசை, விட்டால் குடித்துக் குடித்து ஊதிவிடும், ஊதினால் மூட்டம். அதனால் உள்துணிக்காரர்கள் கசிந்து வந்ததை இராப்பகலாய் வெளியே அனுப்புகிறார்கள். எப்படி அனுப்புகிறார்கள் என்று அவள் சொல்லத் தொடங்கும்போதே எனக்கு உன் குரல் காதில் கேட்டது. ஒருநாள் நான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே உன்னோடு ஃபோனில் பேசினேன், உப்புத் தூவி வைத்ததும் தண்ணீர் விடுகிறதே என்று சொன்னேன், நீ சிரித்துவிட்டு, “அம்மா, நான் பாக்குறதும் அதேதான், உப்பை ஒரு பக்கம் தள்ளிட்டா தண்ணி தானா பின்னாடியே போகும், தண்ணியை யாரும் தள்ள வேண்டாம்” என்றாய். நான் உம் கொட்டிவிட்டு, மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா என்று கேட்டேன். நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய், நான்தான் கேட்கவில்லை.

எனக்கு அந்த உள்துணியில் செல்கள் குறைந்துபோய்விட்டன. போன இடத்தில் புதிது முளைக்காதாம், பக்கத்தில் இருப்பவை கையைக் காலை நீட்டி அந்த இடத்தையும் மூடிக்கொள்ளுமாம். உன் அப்பா போய், நீயும் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் செய்ததும் அதுதானே, ஓரளவுக்குத்தான் நீட்ட முடியும். இரவில் இமை மூடியே இருப்பதால் காற்றில் காய வழியில்லை, உள்ளே ஊறிக் கிடக்கும், விடிந்ததும் மூட்டம். பகலில் கண் திறந்திருக்க, காற்றுப்பட்டு மெல்லக் காய்ந்து மதியத்துக்குத் தெளியும். ஈரம் என்று நான் சொன்னது சரி, இராத்திரி ஊறிப் பகலில் காய்கிறது என்றதும் சரி, பின்பக்கம் கசிகிறது என்றதுகூடச் சரி. எந்தக் கண்ணாடியில் என்பதுதான் தப்பு. மருந்து என்ன தெரியுமா, உப்புத் தண்ணீர்ச் சொட்டு. காலையில் விட்டால் மிளகாய் போட்டாற்போல எரிகிறது, கொஞ்ச நேரத்தில் சுவர் தெரிகிறது. அதோடு, எழுந்ததும் தலை காயவைக்கும் மிஷினைக் கை நீட்டித் தூரமாய்ப் பிடித்துக்கொண்டு, சூடு குறைத்து, முகத்துப் பக்கமாய்க் காற்றுக் காட்டுங்கள் என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை. உன் முகத்தைக் கிழித்த அதே காற்று, அம்மாடி. நான் அதை அன்றைக்கே கொஞ்சம் திருப்பிப் பிடித்திருந்தால் போதும். இது என்றைக்காவது சொட்டு மருந்துக்கு அடங்காமல் போனால் அந்த உள்துணியை மட்டும் புதிதாய் வைக்க அறுவை இருக்கிறதாம், இப்போது அந்தப் பேச்சு இல்லை, நீ பயப்படாதே.

வீட்டுக்கு வந்து நாள் கணக்காய் யோசித்தேன். எனக்கும் அண்ணனுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சும்மா இருந்தால் என் மானம் இருக்கும், மூலைமட்டத்தின் கடை போகும். சொன்னால் மகள் கண் ஆராய்ச்சி, தாய்க்குத் தன் கண் மூட்டம் தெரியவில்லை என்று தெரு சிரிக்கும், உன் பேரையும் சேர்த்துச் சிரிக்கும். கடைசியில் போனேன், எப்படிப் போனேன் தெரியுமா, விடிந்ததும் சொட்டு மருந்து விடாமல் போனேன். அந்நேரத்தில் தெருவில் ஆள் குறைவு, அதோடு மூட்டத்தில் அவர் முகம் சரியாய்த் தெரியாது, தெரியாத முகத்திடம் மன்னிப்புக் கேட்பது சுலபம் என்று கணக்குப் போட்டேன். கடை வாசலில் நின்று, குற்றம் உங்கள் கண்ணாடியில் இல்லை, என் கண்ணில்தான், படத்தையும் நான்தான் சூடு காட்டிக் கெடுத்தேன் என்று ஒப்பித்தேன். அவர் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் உருவம்தான் நின்றது. “காலைல உங்களுக்குத் தெரியாதுன்னுதான சொல்றீங்க? அப்ப என் மூஞ்சி இப்பத் தெரியுதா?” என்று கேட்டது அந்த உருவம். இல்லை என்றேன். “அப்ப சாயங்காலம் வாங்க. நீங்க என்னை ஏசும்போது பஸ் ஸ்டாப் முழுக்க ஆள் இருந்துச்சு. தெரியுற நேரத்துல வந்து சொல்லுங்க” என்றார்.

நான் போகாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன், உன்னிடம் எதற்கு ஒளிக்க. ஆனாலும் போனேன். சாயங்காலம் எனக்கு எல்லாம் தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களில் அன்று கேட்ட முகம் பாதி இருந்தது. அவர் வெளியே வந்து நின்றார், கன்னம் ஒட்டிப்போய், சட்டைக் காலரைத் திருப்பித் தைத்திருந்தார், அதுவும் தானே தைத்த தையல், கோணல். தையல்காரி நான், அவர் என்னிடம் வந்திருக்க வேண்டியது, எப்படி வருவார். காலையில் சொன்னதை அப்படியே சத்தமாய்ச் சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது, நிறுத்தி மறுபடி சொன்னேன். யாரோ ஒருவர், “கண் டாக்டர் அம்மாவுக்கே கண்ணு போச்சா?” என்றார், சிரிப்பு வந்தது. டாக்டர் இல்லை, ஆராய்ச்சி, ஒருத்தர் கண்ணையும் தொடமாட்டாள் என்றும் அங்கேயே சொல்லிவிட்டேன், உன் பாக்கியும் தீரட்டும் என்று. மூலைமட்டம் சிரிக்கவில்லை. “தலைமையாசிரியம்மாகிட்டச் சொன்னீங்களா?” என்றார். மறுநாளே போய்ச் சொன்னேன். அந்த அம்மா தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த வருஷத்து வேலையைக் கொடுத்தாகிவிட்டது, வாக்கை மாற்ற முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். என்னைப் பார்த்த பார்வை முன்புபோல இல்லை. அதை வந்து மூலைமட்டத்திடம் சொன்னேன். “அடுத்த வருஷச் சோறு அடுத்த வருஷப் பசிக்குத்தான் ஆகும்” என்றார்.

அப்புறம் அவர் உள்ளே போய், நான் அன்று அவர் வாசலில் போட்டுவிட்டு வந்த சட்டத்தை எடுத்து வந்தார். ஒட்டியிருந்த உன் முகத்தைச் சுரண்டிக் கழுவிக் கண்ணாடியைச் சுத்தமாக்கி வைத்திருந்தார். புதுப் படம் வந்தால் கண்ணாடியோடு ஒட்டாதபடி நடுவே இடைவெளி விட்டுப் போட்டுத் தருவாராம், அதுவரைக்கும் காலிச் சட்டத்தை அதே இடத்தில் மாட்டி வைக்க வேண்டுமாம். “யார் கேட்டாலும் ஏன் காலியா இருக்குன்னு சொல்லணும். முழுசாச் சொல்லணும். கூலியை நான் விடமாட்டேன், அது வேற” என்றார். மாட்டியிருக்கிறேன். அவரே கூட வந்து, நான் மாட்டியதும் மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் போனார். இப்போது முக்காலியில் ஏறி நிற்பவர்கள் எல்லாம் எதிரே வெறும் சுவரைக் கண்ணாடி வழியாய்ப் பார்க்கிறார்கள், பார்த்தால் கேட்கத்தானே வேண்டும். நான் வாயில் கவ்வியிருக்கும் குண்டூசிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் வீட்டில் சட்டம் போடாத படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன். யார் வீட்டில்தான் இல்லை. நேற்று அவர் கடை இரண்டு கதவும் திறந்திருந்தது, ஆணியடிக்கிற சத்தம் கேட்டது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை மறக்காதே. இது தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்று அந்த டாக்டர்ப் பெண் சொன்னாள். கண்ணை ஆராய்வதோடு நிற்காமல் உன் கண்ணையும் ஒருநாள் டாக்டரிடம் காட்டிக்கொள், காலையில் காட்டு, சோம்பல்படாதே. உன் மகளுக்குச் சின்ன வயதிலேயே பயம் காட்ட வேண்டாம், தெரிந்து வைத்திருந்தால் போதும். நீ தினம் என்ன செய்கிறாய் என்று இனி ஃபோனில் சொல், நடுவில் சளி பற்றிக் கேட்க மாட்டேன். உன் பேரைத் தெருவில் இழுத்துவிட்டதற்கு என்னைப் பொறுத்துக்கொள். மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், குழந்தைக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதைவிட எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

புதிதாய் ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு, மடங்காமல் இருக்க அட்டை வைத்து அனுப்பு, அண்ணி தன் கையாலேயே வாங்கிக்கொள்வாள். ஆனால் உடனே அனுப்பிவிடாதே. சட்டம் காலியாய் இருக்கும்வரைதான் ஆட்கள் கேட்பார்கள், கேட்கும்வரைதான் மூலைமட்டத்தின் கடைக்குப் போவார்கள், இன்னும் கொஞ்சப் பேர் பாக்கி இருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்குப் பள்ளி திறக்கும்போது வந்து சேர்ந்தால் சரியாக இருக்கும். அதில் வெள்ளைக் கோட்டு வேண்டாம், பெரிய அதிகாரியும் வேண்டாம். பக்கத்தில் வந்து நின்று, முகம் மட்டும் பெரிதாய்த் தெரிகிற மாதிரி எடு. காலையிலும் அது நீதான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நான்கு பிற்பகல் உட்கார்ந்து, கோடு கோணாமல் தன் கையாலேயே எழுதிய,
உன் அம்மா